தொண்ணூறாம் ஆண்டு செத்த அப்பா

"அப்பா, நான் நல்லா இருக்கிறன். சாப்பிட்டிட்டன். படிப்பு நல்லாப் போகுது. எல்லாம் சரி, யோசிக்காதையுங்கோ."

ஜெசிதா போனை வாய்க்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு சொல்லச் சொல்ல, அது எழுத்தா விழுந்துகொண்டிருந்தது. அப்பா வின்சன்ற் இந்தியாவிலை, மண்டபம் அகதி முகாமிலை இருந்துகொண்டு, கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற ஆள். மூங்கில் கட்டின தட்டிலை நிண்டுகொண்டு குரல் மெசேஜ் கேக்க ஏலாது. எழுத்தெண்டால் ஒருக்காப் பாத்திட்டு பொக்கற்றுக்கை வைக்கலாம். அம்மா இராசாத்தி ஐஸ் கொம்பனியிலை, அந்த மிசின் சத்தத்துக்கை அவவுக்கு ஒண்டும் கேளாது. அதாலைதான் வாயாலை சொல்லி எழுத்தாக்கி அனுப்புறது. அதிலை இன்னொரு வசதியும் கிடக்கு. குரல் நடுங்கிறது எழுத்திலை தெரியாது.

அனுப்பிப்போட்டு, கல்லூரி மதிலிலை அப்பிடியே இருந்தாள். கையிலை ஒரு துண்டுக் கடதாசி. கல்லூரிக் கந்தோரிலை இருக்கிற உதயகலா மிஸ் அண்டைக்குக் காலமைதான் அதைக் குடுத்தவ. வெள்ளிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்குள்ளை, இவள் இன்னாரின்ரை பிள்ளை, இந்த ஊராள் எண்டு விதானையாரின்ரை, அதுதான் கிராம அலுவலரின்ரை, கடிதம் வரவேணும். வராட்டில் இடம் அடுத்த ஆளுக்கு. அண்டைக்குப் புதன்.

"அடுத்த ஆள் ஏற்கெனவே ரெண்டுதரம் வந்து கேட்டிட்டான் பிள்ளை. நான் என்ன செய்யிறது, சொல்லும் பாப்பம்?" எண்டவ மிஸ்.

இடம் போனால் திரும்பிப் போறதுக்கும் இடமில்லை. வெளிக்கிடேக்கை முகாம் பதிவிலை அவளின்ரை பேரை வெட்டிப்போட்டுத்தான் விட்டவங்கள். அந்தச் சிவப்புக் கோடு விழுந்ததை அவள் தன்ரை கண்ணாலை பாத்தவள்.

யாழ்ப்பாணம் வந்து ஒன்பதாம் நாள். முகாமிலை பிறந்து, இருபது வருசம் பத்தடிக்குப் பத்தடி அறையிலை வளந்தவளுக்கு இது வெளிநாடுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வெக்கம். "உன்ரை ஊருக்குத்தானேடி போறாய், என்ன பயம்?" எண்டு சொல்லித்தான் எல்லாரும் அனுப்பினவை. அப்பா ஒரு கொப்பித் தாளிலை ரவுணைப் படமாக் கீறிக் குடுத்தவர். தபால்கந்தோர், பக்கத்திலை வாகைமரம், மரத்துக்கு எதிரை சோடாக்கடை, அதிலை வலக்கைப் பக்கம் திரும்பினால் குருநகருக்குப் போற றோட்டு. முதல்நாள் அந்தத் தாளோடை நடுறோட்டிலை நிண்டு மரத்தைத் தேடினாள். மரமும் இல்லை, சோடாக்கடையும் இல்லை. நாலு மாடியிலை ஒரு போன்கடை நிண்டுது. வழி கேட்ட ஐயா ஒருத்தர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"பிள்ளை, இதை ஆர் கீறினது?"

"அப்பா."

"கொப்பர் கடைசியா எப்ப வந்தவர்?"

"அவர் வரேல்லை. போனவர்."

ஐயா தாளை மடிச்சுத் திருப்பிக் குடுத்தார். சந்தி மட்டும் கூட நடந்து வந்து, கையைக் காட்டி விட்டிட்டுப் போனார்.

வீட்டிலை அப்பா அம்மாவோடை அவள் கதைக்கிறதும் இந்த யாழ்ப்பாணத் தமிழ்தான். ஆனால் பதட்டம் வந்தால் வாயிலை தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வந்திடும். திங்கட்கிழமை வகுப்பிலை ஒருக்கா, "சரிங்க சார்" எண்டிட்டாள். அவ்வளவுதான். குளிரூட்டி திருத்திற படிப்பு அது. இருபத்தெட்டுப் பெடியளுக்கை அவள் ஒருத்திதான் பெட்டை. கடைசி வாங்கிலை இருந்த மயூரதன், "சார், ஐஸ் உருகுதுங்க சார்!" எண்டான். வகுப்பே விழுந்து சிரிச்சுது. ஜெசிதாவும் சேந்து சிரிச்சாள். சிரிக்காட்டில் அழுதிருப்பாள்.

தங்கியிருந்தது குருநகரிலை, மாமி வீட்டிலை. செபஸ்தியம்மா மாமி அப்பாவின்ரை கூடப்பிறந்த அக்கா. மகன் ஜெறோம், இருபத்தேழு வயசு, கடலுக்குப் போறவன். ரெண்டு பேரும் அவளை நல்லாத்தான் வைச்சிருந்தவை. மாமி தன்ரை கட்டிலைக் குடுத்திட்டு நிலத்திலை பாய் போட்டா. மீன்தலையை ஜெறோமின்ரை சோத்துக்கோப்பையிலை இருந்து எடுத்து இவளின்ரை கோப்பையிலை போட்டா. மண்டபத்திலை நண்டு என்ன விலை, அம்மாவுக்குச் சீனி வருத்தம் எப்பிடி, எல்லாம் கேட்டா. ஒண்டை மட்டும் கேக்கேல்லை. ஒன்பது நாளிலை ஒருக்காலும், "தம்பி எப்பிடி இருக்கிறான்?" எண்டு மாமியின்ரை வாயிலை வரேல்லை. ஜெசிதா "அப்பா" எண்டு தொடங்கினால் மாமி எழும்பி அடுப்பைப் பாக்கப் போவா. அப்பா போன் எடுத்தால் கிணத்தடிக்குப் போவா.

"அக்காவுக்கு என்னிலை கோவம்" எண்டு அப்பா சொல்லுவார். "விட்டிட்டு ஓடினனான் எண்டு. நீ ஒண்டும் கேக்காதை. படி."

*

விதானையார் சோமசேகரம் நல்ல மனிசன். மூக்குக்கண்ணாடியை நெத்தியிலை ஏத்திவிட்டுக்கொண்டு, அவள் கொண்டுபோன கடதாசியளை ஒவ்வொண்டாப் பாத்தார். பேந்து அலுமாரியிலை இருந்து ஒரு பழைய கோவையை எடுத்துவந்து, விரலை நனைச்சு நனைச்சுப் புரட்டினார். ஒரு பக்கத்திலை விரல் நிண்டுது.

"பிள்ளை, நீர் எத்தினையாம் ஆண்டு பிறந்தனீர்?"

"ரெண்டாயிரத்து நாலு, சேர்."

"உம்மடை தகப்பன், அந்தோனிப்பிள்ளை வின்சன்ற், தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் கடலிலை செத்ததெண்டெல்லோ பதிவு கிடக்கு."

ஜெசிதா போனை வெளியிலை எடுத்தாள்.

"இல்லைங்க சார்! காலைல கூட மெசேஜ் போட்டாருங்க!"

"மெசேஜ் போடுற மனிசன் உயிரோடை இருப்பார் எண்டு எனக்கும் விளங்குது. கடதாசிக்கு விளங்காதே. பன்ரெண்டு வயசிலை செத்த பெடியனுக்கு இருபது வயசிலை மகள் எண்டு நான் எழுதினால், நாளைக்கு என்னைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்கள்."

"போன்ல காட்டவா சார்? முகத்தைப் பாருங்க."

"முகத்தைக் காட்டினால் அவர் ஆரெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? நான் சாவகச்சேரியான், இந்த ஊர் ஆளில்லை. செத்ததெண்டு சொன்ன ஆள் இஞ்சை வந்து, இல்லை, உயிரோடை இருக்கிறான் எண்டு எனக்கு முன்னாலை கையெழுத்து வைக்கவேணும். அதுக்குப் பிறகு அஞ்சு நிமிச வேலை."

"சொன்ன ஆள் ஆர்?"

சோமசேகரம் கண்ணாடியை இறக்கி வாசிச்சார். "தகவல் தந்தவர், செபஸ்தியம்மா. சகோதரி."

*

மாமி பின்பக்கத்திலை இருந்து திருக்கை வெட்டிக்கொண்டிருந்தா.

"மாமி, விதானையார் உங்களை வரட்டாம்."

"என்னையோ? ஏன்?"

"அப்பா சாகேல்லை எண்டு ஒரு கையெழுத்து..."

கத்தி நிண்டுது. மாமி நிமிந்து பாக்கேல்லை.

"ஏலாது."

"மாமி, வெள்ளிக்கிழமைக்குள்ளை கடிதம் இல்லாட்டில்..."

"ஏலாதெண்டால் ஏலாது பிள்ளை. சோறு போட்டுக் கிடக்கு. போய்த் தின்."

பாதி வெட்டின மீனை அப்பிடியே போட்டிட்டு மாமி எழும்பி உள்ளுக்கை போனா. காகம் ஒண்டு வந்து இறங்கிச்சுது. ஜெறோம் வேலிக்கரையிலை படகு மிசினைக் கழட்டி வைச்சுத் துடைச்சுக்கொண்டிருந்தவன். காகத்துக்கு ஒரு கல்லெறிஞ்சுபோட்டு எழும்பினான்.

"வா. ஏறு மோட்டச்சயிக்கிளிலை."

"எங்கை மச்சான்?"

"ஒருத்தரைப் பாக்க. ஆனால் ரவுணிலை வைச்சு மச்சான் எண்டு கத்தாதை. பேந்து ஒரு பெட்டையும் என்னைத் திரும்பிப் பாக்கமாட்டாள்."

மோட்டச்சயிக்கிள் சேமக்காலை வாசலிலை நிண்டுது. வெயில் தாழ்ந்திருந்தது. வெள்ளைச் சிலுவையளுக்கு நடுவாலை ஜெறோம் விறுவிறெண்டு நடந்தான். கடலோரப் பக்க மதிலடியிலை நிண்டான். ரெண்டு சீமெந்துச் சிலுவை பக்கத்திலை பக்கத்திலை. ஒண்டிலை கொலின்ஸ் எண்டு கிடந்தது, ஜெறோமின்ரை தகப்பன். மற்றதிலை, அ. வின்சன்ற், 1978 - 1990.

ஜெசிதா அந்த எழுத்திலை விரலை வைச்சாள். வெயிலுக்குச் சூடாக் கிடந்தது. காலமை அப்பா அனுப்பின மெசேஜ் போனுக்கை இருக்கு: இண்டைக்கு மூண்டாம் மாடி, நீலக் கலர்.

"அந்த வருசம் மாமா, கொப்பர்தான், தன்ரை சித்தப்பா குடும்பத்தோடை இந்தியாவுக்கு வள்ளத்திலை வெளிக்கிட்டவர்" எண்டான் ஜெறோம். "வள்ளம் பிரண்டுபோச்சு. மூண்டாம் நாள் பலகையும் மாமான்ரை சேட்டும் கரையொதுங்கிச்சுது. சேட்டைப் பாத்து, ஓம், என்ரை தம்பியின்ரைதான் எண்டு சொன்னது அம்மா. அம்மாக்கு அப்ப பதினெட்டு. அம்மம்மா பாயிலை விழுந்திட்டா, எல்லாம் அம்மாதான் ஓடித் திரிஞ்சு செய்தவ. பதிவும் அவதான். எங்கடை ஆக்கள் கடலிலை போனால், உடம்பு இல்லாட்டிலும் முப்பத்தோராம் நாள் பூசை வைச்சு, வெறுங்குழி வெட்டிச் சிலுவை நடுறது தெரியும்தானே."

"தண்ணிக்கை கிடந்த அப்பாவை இந்தியா வள்ளம் தூக்கி ஏத்தினது அவைக்குத் தெரியாதோ?"

"ஆர் சொல்லுறது? காயிதமே வராத காலம். தொண்ணூற்றெட்டிலைதான் ஒரு பாதரின்ரை கையிலை காயிதம் வந்தது. அம்மா வாசிச்ச கையோடை ஓடிவந்து சிலுவையைப் புடுங்கி எறிஞ்சவவாம், சிரிச்சுச் சிரிச்சு. அப்ப அது மரச்சிலுவை." அவன் தகப்பன்ரை சிலுவையைப் பாத்தான். "நாலாம் நாள் அப்பா கடலாலை வரேல்லை. எனக்கு அப்ப ஒரு வயசு."

ஜெசிதா எழுத்திலை இருந்து விரலை எடுத்தாள்.

"அப்பாக்குப் பூசை வைச்ச அண்டைக்கே அம்மா மாமான்ரை சிலுவையையும் திருப்பி நட்டவ. இந்தமுறை சீமெந்திலை. அண்டையிலை இருந்து மாமான்ரை பேரைச் சொல்லுறேல்லை, குரல் கேக்கிறேல்லை. செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும் எண்டு. நான் களவா வட்சப்பிலை கதைச்சுத்தான் உன்னை இஞ்சை எடுப்பிச்சது."

"இதை அப்பாக்குப் படமெடுத்து அனுப்பட்டோ?"

"உனக்கென்ன விசரே? மனிசன் மூண்டாம் மாடியிலை இருந்து விழுந்திடும்."

*

வியாழக்கிழமை மத்தியானம் தாயும் மகனும் குசினியிலை கதைச்சது, அறைக்கை இருந்த ஜெசிதாவுக்குக் கேட்டது. கேக்கவேண்டாம் எண்டு நினைச்சாலும் அந்த வீட்டிலை சுவர் பாதிக்குத்தான்.

"அம்மா, நான் என்ன பால்குடியே? மிசின் இருக்கு, போன் இருக்கு, ரெண்டு பேர் போறம்."

"கொப்பரோடையும்தான் ஒருத்தர் போனவர்."

"அந்தப் பெட்டையின்ரை வாழ்க்கை போகுது."

"ஓம், போகுது. எனக்குத் தெரியாதே? ஒன்பது நாளா அவள் என்ரை கட்டிலிலை படுக்கிறாள். மூக்கும் முழியும் அவனேதான். பாக்கேக்கை நெஞ்சு அடைக்குது." மாமி சட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "கடல் ஒருத்தனைத் தன்ரை எண்டு எழுதிப்போட்டுது. அதை அழிச்சால் வேறை ஆளைக் கேக்கும். ஒருக்கா அழிச்சனான், கொப்பரைக் குடுத்தனான். இனிக் குடுக்க என்னட்டை ஆர் கிடக்கு? சொல்லு. ஆர் கிடக்கு?"

ஜெசிதா தலகாணியிலை முகத்தை வைச்சாள். காலமையிலை இருந்து மாமியின்ரை காலிலை விழுந்து கெஞ்சுவம் எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தவள். இப்ப அதுவும் ஏலாது. என்னெண்டு கேக்கிறது? என்ரை படிப்புக்காக உங்கடை மகனைத் தாங்கோ எண்டோ?

நாலு மணிபோலை ஜெறோம் வெளிக்கிட்டான். முதல்நாள் போட்ட வலை கடலுக்கை கிடக்கு, தூக்காட்டில் மற்றவன் தூக்கிப்போடுவான்.

"விடிய ஆறு மணிக்கு நிப்பன்" எண்டான் ஜெசிதாவிட்டை, தாய்க்கும் கேக்கிறமாதிரி. "வந்து குளிச்சிட்டு, அம்மாவைக் குண்டுக்கட்டாத் தூக்கியெண்டாலும் விதானையாரிட்டைக் கொண்டுபோவன்."

குசினிக்கை இருந்து மாமி சொன்னா, "முதல்லை வந்து கரையிலை நில். நிண்டால் யோசிப்பம்."

ஏலாது எண்ட சொல்லு அதிலை இல்லை. ஜெறோம் ஜெசிதாவைப் பாத்துக் கண்ணடிச்சிட்டுப் போனான்.

*

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவன் வரேல்லை. ஏழுக்கும் வரேல்லை. போன் எடுத்தால், தொடர்புகொள்ள ஏலாது எண்டு ஒரு பொம்பிளை மூண்டு பாசையிலை சொல்லிச்சுது. எட்டு மணிக்கு மாமி செருப்பும் போடாமல் கரைக்கு நடந்தா. ஜெசிதா பின்னாலை ஓடினாள்.

மற்றப் படகெல்லாம் வந்திட்டுது. மீன் ஏலம் முடிஞ்சு தராசும் கழுவியாச்சு. "காத்து ஒண்டும் இல்லையக்கா, வந்திடுவான்" எண்டு ரெண்டு மூண்டு பேர் சொல்லிப்போட்டுத் தேடப் போச்சினம். ஆனால் சொன்னவை ஒருத்தரும் மாமியின்ரை முகத்தைப் பாக்கேல்லை. துறையின்ரை அந்தத்திலை, காலைத் தண்ணிப்பக்கம் தொங்கப் போட்டுக்கொண்டு மாமி இருந்தா. வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. செபம் எண்டுதான் ஜெசிதா நினைச்சாள். கிட்டப் போய்க் கேட்டால் செபமில்லை.

"நான் ஓமெண்டு சொல்லேல்லை. யோசிப்பம் எண்டுதான் சொன்னனான். உனக்குக் கேட்டதுதானே? யோசிப்பம் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

கடலோடை கதைச்சுக்கொண்டிருந்தா.

பத்தரைக்கு உதயகலா மிஸ் எடுத்தா. "பிள்ளை, கடிதம் என்னாச்சு? மற்றப் பெடியன் வந்து கதிரையிலை இருக்கிறான். மூண்டு மணிக்கு நான் பேர் எழுதிப்போடுவன், பேந்து என்னை ஏசக்கூடாது."

"மிஸ், வந்துடுறேங்க... வாறன் மிஸ்."

மாமி திரும்பினா. கண் ரெண்டும் சிவந்துபோய்க் கிடந்தது.

"போ. போய் அவையைக் கெஞ்சிப் பார். இஞ்சை ஏன் நிக்கிறாய்? நீ வந்த பிறகுதான்..."

மிச்சத்தை மாமி சொல்லேல்லை. சொல்லத் தேவையுமில்லை. அதைத்தான் ஜெசிதாவும் விடியத்திலை இருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போகலாம். ஓட்டோ பிடிச்சுப் போய் மிஸ்ஸின்ரை மேசைக்கு முன்னாலை நிண்டு அழலாம். ஆனால் இந்த மனிசியை இதிலை தனியா விட்டிட்டு எப்பிடிப் போறது? கொஞ்சம் தள்ளி அவளும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தாள். மாமி இன்னொருக்காப் போ எண்டு சொல்லேல்லை.

போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். "அப்பா, ஜெறோம் மச்சான் இன்னும்" எண்டது எழுத்தா விழுந்தது. அழிச்சாள். "எல்லாம் சரி" எண்டு சொன்னாள். அனுப்பினாள்.

பதினொண்டு. பதினொண்டரை. வெயில் கொதிச்சுது. ஜெசிதா தன்ரை சால்வையை எடுத்து மாமியின்ரை தலையிலை போட்டாள். மாமி அதைத் தட்டிவிடேல்லை.

பன்ரெண்டே முக்காலுக்கு ஒரு புள்ளி தெரிஞ்சுது. அது ரெண்டு புள்ளியாச்சு. ஒரு படகு மற்றதைக் கயித்திலை இழுத்துக்கொண்டு வந்தது. மாமி எழும்பி நிண்டு நெத்தியிலை கையை வைச்சா. பின்படகிலை ரெண்டு தலை. "ரெண்டு" எண்டா மாமி. பிறகும் எண்ணினா. "ரெண்டு. ரெண்டு."

ஜெறோம் உப்புப் பூத்த முகத்தோடை துறையிலை குதிச்சான்.

"மிசின் காத்தாடியிலை ஆற்றையோ அறுந்த வலை சுத்திப்போட்டுது. போனும் நனைஞ்சு போச்சு. என்னம்மா, ரெண்டு பேரும் செத்தவீட்டுக்கு வந்தமாதிரி நிக்கிறியள்?"

மாமி அவனுக்குக் கன்னத்திலை ஒண்டு விட்டா. துறை முழுக்கச் சத்தம் கேட்டது. பிறகு அவன்ரை கையைப் பிடிச்சு, தோளைப் பிடிச்சு, விரல் பத்தும் கிடக்கோ எண்டு பாக்கிறமாதிரி தடவிப் பாத்தா. பேந்து மெல்லத் திரும்பிக் கடலைப் பாத்து நிண்டா. ஜெசிதாவுக்கு அந்த முகத்தைப் பாக்கப் பயமாக் கிடந்தது.

"இருவத்தாறு வருசம்" எண்டா மாமி. கடலுக்குத்தான். "அந்தச் சிலுவையை நான் தொடேல்லை. அவன்ரை பேரைச் சொல்லேல்லை. கூடப்பிறந்தவன்ரை குரலைக் கேக்கேல்லை. ஒரு கையெழுத்தும் வைக்கேல்லை. பிறகும் என்ரை பிள்ளையை விடியத்திலை இருந்து பிடிச்சு வைச்சிருந்தனியே? நீ சொல்லுக் காக்கமாட்டாய் எண்டால், நான் மட்டும் ஏன் காக்கவேணும்?"

காறித் துப்பினா. பிறகு பயந்துபோய் உடனை சிலுவை போட்டா.

"விதானை எத்தினை மணி மட்டும் இருப்பான்?"

*

ஒண்டே முக்காலுக்கு மூண்டு பேரும் விதானையாரின்ரை கந்தோர் வாசலிலை நிண்டவை. மனிசன் சாப்பிடப் போயிருந்தார். ரெண்டு பத்துக்குத்தான் வந்தார். மாமியின்ரை கால் வெறுங்கால், ஜெறோமின்ரை சேட்டிலை உப்புக் காஞ்சு கிடந்தது. சோமசேகரம் படிவத்தை எடுத்துப் போட்டு, பேனையை மாமியின்ரை கையிலை குடுத்தார்.

"தம்பி உயிரோடை இருக்கிறார் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"தொண்ணூறிலை."

"அப்ப காணாமலோ கையெழுத்து வைக்கப் போறியள்?"

மாமி ஜெசிதாவைப் பாத்தா. "எடு" எண்டா. "அவனை எடு."

ஜெசிதா அவசரத்திலை ரெண்டு தரம் பிழையான இடத்திலை அமத்தினாள். வீடியோவிலை மணி அடிச்சுது. அப்பா எடுத்தார். பின்னாலை வானமும் மூங்கிலும்தான். ஒரு புருவத்திலை நீலப் பெயின்ற்.

"ஜெசி, என்னம்மா இந்த நேரத்திலை? ஏதும் பிரச்சினையோ?"

அவள் போனைத் திருப்பி மாமியின்ரை கையிலை குடுத்தாள். மாமி அதைக் கையெட்டுற தூரத்திலை பிடிச்சுக்கொண்டு பாத்தா. அங்காலை அப்பாவின்ரை வாய் திறந்தபடி நிண்டுது. பன்ரெண்டு வயசுப் பெடியனைத் தேடி, நாப்பத்தாறு வயசு நரைச்ச முகத்துக்கு மேலாலை மாமியின்ரை கண் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா?" எண்டார் அப்பா.

"இவர்தானோ உங்கடை தம்பி?" எண்டு கேட்டார் சோமசேகரம்.

மாமி போனைக் கிட்டக் கொண்டுவந்தா. "உவன் எங்கை நிக்கிறான்?" எண்டா ஜெசிதாவிட்டை.

"மூண்டாம் மாடி மாமி. வேலையிலை."

"கயிறு கட்டியிருக்கிறானோ?"

போனுக்கை அப்பா, "அதெல்லாம் இல்லையக்கா, எனக்குப் பழக்கம்..." எண்டார்.

"டேய் வின்சன்ற்!" மாமி போட்ட சத்தத்திலை பக்கத்து மேசைக்காரரும் எழும்பிப் பாத்தார். "முதல்லை இறங்கடா கீழை! கடலுக்குத் தப்பினது காணாதெண்டு மூங்கிலிலை தொங்கிறியோ? இறங்கடா!"

"அம்மா, கையெழுத்து..." எண்டார் சோமசேகரம். ஜெசிதா சுவர் மணிக்கூட்டைப் பாத்தாள். ரெண்டு இருபத்தாறு.

"இருங்கோ ஐயா. உவன் நிலத்திலை கால் வைக்கட்டும். அதுக்குப் பிறகுதான் வைப்பன்."

போன் இருண்டுபோச்சு. அப்பா அதைப் பொக்கற்றுக்கை போட்டிட்டு இறங்கிறார். மூங்கில் கிறீச்சிடுறதும், மூச்சு வாங்கிறதும், ஆரோ கீழை இருந்து "என்ன அண்ணே ஆச்சு?" எண்டு கேக்கிறதும் கந்தோருக்கை கேட்டது. நாலு பேரும் அந்த இருட்டுத் திரையைப் பாத்துக்கொண்டு நிண்டவை. மாமி ஒவ்வொரு கிறீச்சுக்கும் பேனையை இறுக்கினா.

"இவர்தான் எண்டதுக்கு அடையாளம் ஏதும் இருக்கோ?" எண்டு சோமசேகரம் மெதுவாக் கேட்டார்.

"சொன்னாக் கேளாதவன். வள்ளத்திலை ஏறாதையடா எண்டு அண்டைக்கும் சொன்னனான். இதைவிட என்ன அடையாளம் வேணும் உங்களுக்கு?"

திரை வெளிச்சுது. அப்பா தன்ரை முகத்தைக் காட்டேல்லை. ரெண்டு காலைக் காட்டினார். மணல், செருப்பு, செருப்பிலை நீலப் பெயின்ற்.

மாமி குனிஞ்சு கையெழுத்து வைச்சா. ஒவ்வொரு எழுத்தா, அழுத்தி.

*

ரெண்டு ஐம்பத்திரண்டுக்கு ஜெறோமின்ரை மோட்டச்சயிக்கிள் கல்லூரி வாசலிலை நிண்டுது. உதயகலா மிஸ் கடிதத்தை ரெண்டு விரலாலை பிடிச்சு, "என்ன பிள்ளை, மீன் மணக்குது" எண்டு சொல்லிக்கொண்டு முத்திரையைப் பாத்தா. பிறகு பேர்ப் பட்டியலிலை ஒரு சரி போட்டா. கதிரையிலை இருந்த பெடியன் எழும்பி, தன்ரை கோவையை மார்போடை அணைச்சுக்கொண்டு வெளியிலை போனான். நல்லா இஸ்திரி போட்ட சேட்டு. ஜெசிதாவாலை அவன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

வெளியிலை வந்து அதே மதிலிலை இருந்தாள். ஜெறோம் சோடா வாங்கிவந்து குடுத்தான்.

"அம்மா ஒண்டு சொல்லச் சொன்னவ. கடதாசியிலை என்னவும் எழுதட்டாம். சிலுவையிலை மட்டும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாதாம். கடதாசி விதானையின்ரையாம், சிலுவை கடலின்ரையாம்."

"அது அங்கையே நிக்கட்டும்" எண்டாள் ஜெசிதா.

போன் ஒருக்கா நடுங்கிச்சுது. அப்பாதான். வழமையா அவர் ஒரு சொல்லு, ரெண்டு சொல்லோடை விடுற ஆள்.

"அக்கா எனக்கு ஏசினவ. எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன். முதலாளியிட்டைக் கயிறு கேட்டனான், நாளைக்குத் தாறானாம். அக்காவிட்டைச் சொல்லு. இடம் கிடைச்சதோ? நீ எல்லாம் சரி எண்டு எழுதினால் உண்மையிலை சரியோ எண்டு எனக்கு விளங்கிறேல்லை. குரலிலை சொல்லு, நான் கீழைதான் நிக்கிறன்."